செங்கான் கீரியின் சேற்றுப் பொட்டு

நாவலூத்துக் குளத்தங்கரையில் பதினோரு குட்டிகள் வரிசையாக நின்றன. எல்லார் கையிலும் பனை மட்டை.

எதிரே நின்றது செங்கான் என்ற கீரி. அதன் இடக்கையில் ஒரு சுரைக்குடுக்கை. குடுக்கை நிறையக் குளத்துச் சேறு.

"பந்து கொடியில பட்டா என்ன?" என்று கேட்டது கீரி.

"பொட்டு, மாஸ்டர்!" என்றன குட்டிகள்.

"கோட்டைத் தாண்டிப் போனா?"

"பொட்டு!"

"நல்லா அடிச்சா?" என்று வரிசையின் நடுவிலிருந்து ஒரு குரல் கேட்டது. தும்பை என்ற முயல்குட்டி அது.

"நல்லா அடிக்கத்தானே வந்திருக்கே? அதுக்குத் தனியா என்ன வேண்டிக் கிடக்கு?" என்றது கீரி.

தும்பை காதுகளை மடக்கிக்கொண்டது.

அந்தக் காட்டில் பந்தாட்டம் ரொம்ப நாளாக உண்டு. குளத்தை ஒட்டி ஒரு வெட்டவெளி. நடுவில் இரண்டு நாவல் மரங்கள். அந்த மரங்களுக்கு இடையே இடுப்பளவு உயரத்தில் ஒரு கொடி கட்டியிருக்கும். கொடிக்கு இந்தப் பக்கம் நாலு பேர், அந்தப் பக்கம் நாலு பேர். ஆலம்பாலைத் திரட்டிச் செய்த பந்தை மட்டையால் அடித்துக் கொடிக்கு அந்தப் பக்கம் அனுப்ப வேண்டும். பந்து தரையில் ஒரு முறை குத்தலாம். இரண்டாவது முறை குத்திவிட்டால் புள்ளி எதிராளிக்கு. அவ்வளவுதான் ஆட்டம். வருஷத்துக்கு ஒரு முறை, மாசிப் பௌர்ணமியன்று காலையில், மேலே மலைக்காட்டுக் குட்டிகள் இறங்கி வந்து நாவலூத்துக் குட்டிகளோடு ஆடும்.

செங்கான் ஒரு காலத்தில் பெரிய ஆட்டக்காரன். ஆனால் மலைக்காட்டோடு ஆடிய கடைசி ஆட்டத்தில், கடைசிப் பந்தைக் கொடியில் அடித்துத் தொலைத்துவிட்டது. ஒரே ஒரு புள்ளியில் தோல்வி. அன்றைக்கு அதன் முகத்தைப் பார்த்துக்கூட யாரும் பேசவில்லை. அந்த ஒரு பந்து செங்கானின் நெஞ்சுக்குள்ளேயே கிடந்து உருண்டுகொண்டிருந்தது. "என் குட்டிங்க ஒரு தப்புகூடப் பண்ணக் கூடாது!" என்று முடிவு கட்டிக்கொண்டுதான் அது மாஸ்டர் வேலைக்கு வந்தது.

அதற்காகக் கண்டுபிடித்ததுதான் சேற்றுப் பொட்டு. யார் தப்பாக அடித்தாலும் குடுக்கைக்குள் கையை விட்டு, ஒரு விரல் சேற்றை எடுத்து, முதுகில் பச்சக்கென்று வைத்துவிடும். மாலையில் எல்லாரும் வரிசையாகத் திரும்பி நிற்க வேண்டும். செங்கான் ஒவ்வொரு முதுகாக எண்ணிச் சத்தமாகச் சொல்லும். வீட்டுக்குப் போகும்வரை கழுவக் கூடாது. வழியில் பார்க்கிறவர்கள் எல்லாம் எண்ணிச் சிரிக்க வேண்டுமாம். அப்போதுதான் புத்தி வருமாம்!

செங்கான் கெட்ட கீரி இல்லை. விடிவதற்குள் எழுந்து வந்து தரையைப் பெருக்கி வைப்பது அதுதான். கொடி தொய்ந்தால் ஏறிக் கட்டுவதும் அதுதான். பிள்ளைகள் மேல் ஆசை இருந்தது. அதை எப்படிக் காட்டுவது என்றுதான் அதற்குத் தெரியவில்லை.

தினமும் அதிகப் பொட்டு வாங்குவது யார் என்று நினைக்கிறீர்கள்? தும்பைதான்! கூட்டத்திலேயே வேகமாக ஓடுகிற குட்டியும் அதுதான். எந்த மூலையில் பந்து விழுந்தாலும் தும்பை ஓடும். வேறு யாரும் எட்ட முடியாத பந்தைக்கூட எட்டிப் பிடித்து அடிக்கும். எட்டிப் பிடித்து அடிக்கிற பந்து பாதிக்குப் பாதி தப்பாகத்தான் போகும். ஆகையால் பொட்டு! பொட்டு! பொட்டு!

ஒரு நாள் மாலை செங்கான் எண்ணிப் பார்த்தது.

"பத்தொன்பது! கேட்டீங்களாடா? தும்பைக்குப் பத்தொன்பது! முயலா, இல்லை புள்ளிமானா?"

குட்டிகள் கொல்லென்று சிரித்தன. சிரிக்காவிட்டால் தங்கள் பக்கம் திரும்பிவிடுமே என்ற பயத்தில் சிரித்தன. தும்பை சிரிக்கவில்லை. கையிலிருந்த மட்டையை நாவல் மரத்தடியில் மெதுவாக வைத்தது. திரும்பிப் பார்க்காமல் போய்விட்டது.

"ஒரு நாள் ரோஷம்! நாளைக்குத் தானா வரும்!" என்றது செங்கான்.

நாளைக்கு வரவில்லை. அதற்கு மறுநாளும் வரவில்லை.

மிச்சமிருந்த குட்டிகள் ஒன்றைக் கவனித்தன. ஓடிப்போய்த் தப்பாக அடித்தால்தான் பொட்டு. ஓடாமலே நின்றால்? பந்து பாட்டுக்குப் போகும். "அது எட்டாத பந்து மாஸ்டர்!" என்று சொல்லிவிடலாம். எட்டாத பந்துக்குப் பொட்டு கிடையாது!

முதலில் இதைக் கண்டுபிடித்தது பவுனு என்ற அணில். அடுத்த நாள் தங்கப்பாண்டி என்ற மந்திக்குட்டியும் கற்றுக்கொண்டது. அதற்கடுத்த நாள் முள்ளம்பன்றிக்குட்டி ஊசிக்காளையும் கற்றுக்கொண்டது. நேராகத் தங்கள் மூக்குக்கு முன்னால் வருகிற பந்தை மட்டும் லேசாகத் தட்டினார்கள். மற்றதை எல்லாம் வேடிக்கை பார்த்தார்கள்.

முதுகில் பொட்டு குறைந்தது. ஆட்டத்தில் ருசியும் குறைந்தது. வெறுமனே நிற்பதற்கு எதற்கு இவ்வளவு தூரம் வர வேண்டும்? மான்குட்டி "புல்லு மேயப் போறேன்" என்று நின்றுகொண்டது. மரநாய்க்குட்டிகள் இரண்டும் "பகல்ல தூக்கம் வருது" என்றன. பதினொன்று ஏழானது. ஏழு ஐந்தானது.

செங்கானுக்கு இது எதுவும் உறைக்கவில்லை. அதன் கண் முதுகுகளின் மேலேயே இருந்தது.

ஒரு நாள் மாலை எண்ணிப் பார்த்தபோது ஒரு முதுகில்கூடப் பொட்டில்லை. செங்கானுக்குத் தலைகால் புரியவில்லை.

"ஒரு தப்புகூட இல்லை! இப்படி ஒரு படையை எவனாவது உருவாக்கியிருக்கானா?" என்று வாலைச் சிலிர்த்துக்கொண்டு சுற்றிச் சுற்றி வந்தது.

அந்த நேரம் பார்த்துத்தான் பேச்சியம்மாள் வந்து சேர்ந்தாள். பேச்சியம்மாள் காட்டின் மூத்த யானை. வழக்கு எதுவானாலும் அவள் சொல்வதுதான் தீர்ப்பு. அவளுக்குப் பின்னால் எருமைத் தலைவன் மாசானம் நின்றது.

"ஏலே செங்கான்! மாசானம் ஒரு பிராது கொண்டாந்திருக்கான்" என்றாள் பேச்சியம்மாள்.

மாசானம் தலையைச் சொறிந்தது. "நாங்க படுத்துக் கிடந்த பள்ளம் வத்திப்போச்சு ஆத்தா. எங்களுக்குப் புரள இடமில்லை. இந்த வெட்டவெளி குளத்தை ஒட்டித்தானே இருக்கு? கரையைக் கொஞ்சம் உடைச்சு விட்டா நல்ல சேறாயிரும். இங்க ஆடுறதுக்கும் இப்ப ஆளு வாரதில்லைன்னு கேள்விப்பட்டேன்."

"யாரு சொன்னது?" என்று குதித்தது செங்கான். "பேச்சியம்மா, நீங்களே பாருங்க! ஒரு தப்புப் பண்ணாத பிள்ளைங்க! டேய், ஆடிக் காட்டுங்கடா!"

ஐந்து குட்டிகளும் ஒரு பக்கமாகப் போய் நின்றன. செங்கானே எதிர்ப்பக்கம் நின்று பந்தை அடித்தது. பந்து பவுனுக்கும் தங்கப்பாண்டிக்கும் நடுவில் குத்தியது. பவுனு தங்கப்பாண்டியைப் பார்த்தது. தங்கப்பாண்டி பவுனைப் பார்த்தது. பந்து இருவருக்கும் நடுவே புகுந்து, உருண்டு, பேச்சியம்மாளின் காலடியில் போய் நின்றது.

செங்கான் இன்னொரு பந்தை அடித்தது. அதுவும் போய்விட்டது. மூன்றாவது பந்து ஊசிக்காளையின் முதுகிலேயே குத்திக்கொண்டது. அப்போதும் ஊசிக்காளை அசையவில்லை!

மாசானம் வாயைப் பொத்திக்கொண்டது. பேச்சியம்மாள் சிரிக்கவில்லை.

"இதுக்குப் பேரு ஆட்டமாலே? மரம்கூட இதைவிட நல்லா ஆடும். காத்தடிச்சாலாவது ஆடும்!" என்றாள். கொஞ்ச நேரம் யோசித்துவிட்டுத் தீர்ப்புச் சொன்னாள். "பௌர்ணமிக்கு இன்னும் அஞ்சு நாள் இருக்கு. மலைக்காட்டுப் பிள்ளைங்க வருவாங்க. அன்னைக்கு நம்ம பிள்ளைங்க நாலு பேரு, தானா ஆசைப்பட்டு வந்து, கடைசிவரைக்கும் நின்னு ஆடணும். ஆடினா இந்த இடம் என்னைக்கும் பிள்ளைங்களுக்கு. நாலுல ஒண்ணு குறைஞ்சாலும் எருமைங்களுக்கு. யாரையும் மிரட்டியோ இழுத்துக்கிட்டோ வரக் கூடாது. தெரிஞ்சுதா?"

"ஜெயிக்கணுமா ஆத்தா?" என்று கேட்டது செங்கான்.

"ஜெயிக்கிறதைப் பத்தி நான் பேசவேயில்லையே!" என்று சொல்லிவிட்டுப் பேச்சியம்மாள் நடந்தாள்.

அவர்கள் போனதும் செங்கான் குட்டிகள் மேல் பாய்ந்தது. "மானத்தை வாங்கிட்டீங்களே! பெரியவங்க முன்னால கல்லு மாதிரி நின்னீங்களே! ஆளுக்குப் பத்துப் பொட்டு!" என்று கையைக் குடுக்கைக்குள் விட்டது.

வெளியே எடுத்துப் பார்த்தபோது முன்னால் யாருமே இல்லை. ஐந்து பனை மட்டைகள் மட்டும் தரையில் கிடந்தன.

மறுநாள் காலையில் செங்கான் தரையைப் பெருக்கி வைத்துவிட்டுக் காத்திருந்தது. வெயில் ஏறியது. ஒரு குட்டியும் வரவில்லை. அவ்வளவு பெரிய வெட்டவெளியில் தான் மட்டும் நிற்பதை அன்றைக்குத்தான் செங்கான் பார்த்தது. தூரத்தில் எருமைகள் எந்த இடத்தில் கரையை உடைக்கலாம் என்று பேசிக்கொள்வது காதில் விழுந்தது. செங்கானுக்குப் பயமாக இருந்தது. குடுக்கையைத் தூக்கிக்கொண்டு வீடு வீடாகக் கிளம்பியது.

முதலில் பவுனின் மரப்பொந்து. அணிலம்மா தலையை நீட்டினாள். செங்கானின் கையைப் பார்த்ததும் அவளுக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது.

"குடுக்கையைத் தூக்கிக்கிட்டுக் கூப்பிட வந்திருக்கீங்களா மாஸ்டர்? நல்லாயிருக்கே நியாயம்! முதுகுல மூணு கோடு போட்டு அழகாப் பெத்தேன். அது தெரியாத அளவுக்குச் சேத்தைப் பூசி அனுப்பினீங்களே! ராத்திரி எல்லாம் 'பொட்டு, பொட்டு'ன்னு பிள்ளை தூக்கத்துல உளறிச்சு!"

செங்கான் குடுக்கையை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டது. முகம் சுண்டிப்போனது.

மான் வீட்டில் ஆளே இல்லை. மரநாய் வீட்டில் கதவு திறக்கவில்லை. இன்னும் நாலு வீட்டில் "பிள்ளை வராது" என்று உள்ளேயிருந்தே சொல்லிவிட்டார்கள். கடைசியில் ஓடைக்கரையில் பவுனும் தங்கப்பாண்டியும் ஊசிக்காளையும் கூழாங்கல் பொறுக்கி விளையாடுவதைப் பார்த்தது.

"டேய் பிள்ளைங்களா, ஆட வாங்கடா. இடமே போயிரும் போல இருக்குடா" என்றது.

பவுனும் ஊசிக்காளையும் தரையைப் பார்த்தன. தங்கப்பாண்டிக்கு மட்டும் வாய்த்துடுக்கு அதிகம்.

"வாரோம் மாஸ்டர். ஆனா ஒரு நாள் நீங்க ஆடணும். நாங்க பொட்டு வைப்போம்!"

"எனக்கா? பொட்டா?" செங்கானுக்குச் சிரிப்பு வந்தது. "வாங்கடா! ஒரு பொட்டுகூட விழாது!"

அப்படியே வெட்டவெளிக்கு வந்தார்கள். தங்கப்பாண்டி பந்தடித்தது. பவுனு குடுக்கையைத் தூக்கிக்கொண்டது. ஊசிக்காளை கோட்டோரமாக நின்று கண்காணித்தது.

முதல் பந்தைச் செங்கான் பிரமாதமாக அடித்தது. திரும்பி மூவரையும் பார்த்தது. மூவரும் ஒன்றும் சொல்லவில்லை. ஒருவராவது ஏதாவது சொல்வார்கள் என்று நினைத்ததே, ஏமாற்றமாகப் போய்விட்டது.

இரண்டாவது பந்து மூலையில் விழுந்தது. செங்கான் பாய்ந்து அடித்தது. பந்து கோட்டைத் தாண்டிவிட்டது.

"பொட்டு!" பச்சக்!

சேறு இவ்வளவு சில்லென்று இருக்கும் என்று செங்கானுக்கு இத்தனை நாள் தெரியாது. மூன்றாவது பந்து கொடியில் பட்டது. பச்சக்! நாலாவது வெளியே போனது. பச்சக்! ஒவ்வொரு பொட்டுக்கும் மட்டை கனத்துக்கொண்டே வந்தது. பந்தைப் பார்க்க வேண்டிய கண் பவுனின் விரலையே பார்த்தது.

ஐந்தாவது பந்து இடது மூலைக்குப் போனது. ஓடினால் எட்டிவிடலாம். செங்கான் ஓடவில்லை. நின்றுகொண்டே பார்த்தது. பந்து குத்தியது. இன்னொரு முறை குத்தியது. ஒரு புதருக்குள் போய் விழுந்தது.

ஊசிக்காளை மெதுவாகக் கேட்டது. "ஏன் மாஸ்டர் ஓடலை?"

"அது... எட்டாத பந்துடா" என்றது செங்கான்.

சொல்லி முடித்ததும் அதற்குத் தூக்கிவாரிப் போட்டது. இந்த வார்த்தையை எத்தனை நாளாகக் கேட்டுக்கொண்டிருக்கிறது! அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டது.

"எட்டுற பந்துதான்" என்றது. "தொட்டா தப்பாயிருமோன்னு விட்டுட்டேன். நீங்களும் இப்படித்தான் விட்டீங்களாடா?"

மூன்று தலைகளும் மேலும் கீழும் ஆடின.

"நான்தான் உங்களை நிக்கப் பழக்கியிருக்கேன்" என்றது செங்கான். அதன் கண் கலங்கியிருந்தது. "இப்ப என்ன பண்ணணும்? நீங்களே சொல்லுங்கடா."

மாஸ்டர் கேள்வி கேட்டதும் குட்டிகளுக்கு முதலில் வாயே வரவில்லை. அப்புறம் வந்த வேகத்தில் நிற்கவில்லை!

"முதல்ல இந்தக் குடுக்கையைக் கழுவுங்க மாஸ்டர்!"

"நல்லா அடிச்சா வாயத் தொறந்து சொல்லுங்க மாஸ்டர்!"

"என்னை முன்னால நிறுத்தாதீங்க மாஸ்டர்" என்றது ஊசிக்காளை. "கொடிக்குப் பக்கத்துல நின்னா பந்து முள்ளுல குத்திக்குது. நான் பின்னால நின்னா நல்லா அடிப்பேன். ஆறு மாசமாச் சொல்லணும்னு நினைச்சேன்."

"ஆறு மாசமா! ஏன்டா சொல்லலை?"

"நீங்க கேக்கலையே மாஸ்டர்."

செங்கான் குடுக்கையைக் குளத்தில் கழுவியது. மூன்று தண்ணீர் மாற்றி அலசியது. நல்ல தண்ணீரை நிரப்பிக் கொடியோரமாக வைத்தது. ஆடிக் களைத்தால் குட்டிகள் குடிப்பதற்கு!

அன்றைக்கே பயிற்சி தொடங்கியது. பவுனு மூலைப் பந்துக்கு ஓடியது, அடித்தது, பந்து வெளியே போனது. பவுனு பழக்கத்தில் முதுகைக் காட்டித் திரும்பி நின்றது. செங்கான் அதன் தோளைப் பிடித்து முன்பக்கமாகத் திருப்பியது.

"ஓடினது ஜோர்! கை மட்டும் தாழ்ந்துபோச்சு. இந்தா, அதே பந்து மறுபடியும்!"

'ஜோர்' என்ற வார்த்தை அந்த வாயில் பழகாத வார்த்தை. தும்மல் மாதிரி வெளியே வந்தது. குட்டிகள் விழுந்து விழுந்து சிரித்தன. செங்கானும் சிரித்தது. பவுனு அதே பந்தை மறுபடி அடித்தது. கோட்டுக்குள்ளேயே விழுந்தது!

ஆனால் மூன்று பேர்தான். நாலாவது ஆள் வேண்டுமே!

செங்கான் தும்பையின் வளைக்குப் போனது. முயலம்மா வெளியே புல் கொறித்துக்கொண்டிருந்தாள். செங்கானைப் பார்த்ததும் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். செங்கான் வளை வாசலில் குனிந்து உள்ளே பேசியது.

"தும்பை, நான்தான். வான்னு கூப்பிட எனக்கு வாயில்லை. பேச்சியம்மா கூப்பிட விட்டாலும் கூப்பிட மாட்டேன். ஒண்ணு மட்டும் சொல்லிட்டுப் போறேன். அன்னைக்கு உன் முதுகுல பத்தொன்பது எண்ணினேன். அது பத்தொன்பது தப்பு இல்லை. வேற எவனும் ஓடாத பத்தொன்பது பந்துக்கு நீ ஓடியிருக்கே. எனக்கு எண்ணத் தெரியலை. மன்னிச்சிரு."

வளைக்குள்ளிருந்து பதில் வரவில்லை. செங்கான் திரும்பிப் போனது.

அது போனதும் முயலம்மா பக்கத்துப் புதரைப் பார்த்துச் சொன்னாள். "காலி வளையைப் பாத்து இவ்வளவு நேரம் பேசிட்டுப் போறாரே! நீ இங்கதானே இருக்கே, ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா?"

புதருக்குள் இரண்டு நீளக் காதுகள் அசைந்தன.

மாசிப் பௌர்ணமி விடிந்தது. மலைக்காட்டுக் குட்டிகள் ஆரவாரமாக இறங்கி வந்தன. ஒரு கரடிக்குட்டி, ஒரு வரையாட்டுக்குட்டி, இரண்டு குரங்குக்குட்டிகள். நாவலூத்துப் பக்கம் பவுனு, தங்கப்பாண்டி, ஊசிக்காளை. மூன்றே பேர்.

காடே கூடியிருந்தது. மாசானமும் அதன் கூட்டமும் கரையோரமாக நின்றன. ஒரு கன்று அவசரப்பட்டு முன்னங்காலைக் கோட்டுக்குள்ளேயே வைத்துவிட்டது.

பேச்சியம்மாள் தும்பிக்கையை நீட்டி எண்ணினாள். "ஒண்ணு. ரெண்டு. மூணு." தும்பிக்கையைச் செங்கான் பக்கம் திருப்பினாள். "செங்கான், நாலு?"

செங்கான் முன்னால் வந்தது. "மூணுதான் ஆத்தா. இந்த மூணும் தானா வந்ததுங்க. நாலாவது வராததுக்கு நான்தான் காரணம். பிள்ளைங்களைக் குத்தம் சொல்லாதீங்க."

"அப்ப தீர்ப்பு..." என்று பேச்சியம்மாள் தொடங்கினாள்.

"நாலு!" என்று ஒரு குரல் கேட்டது.

கூட்டத்தின் கால்களுக்கு நடுவே புகுந்து புகுந்து தும்பை ஓடிவந்தது! நேராக நாவல் மரத்தடிக்குப் போனது. அதன் மட்டை வைத்த இடத்திலேயே இருந்தது. தினமும் பெருக்கியவர் அதைச் சுற்றித்தான் பெருக்கியிருந்தார்.

"யாராச்சும் உன்னை மிரட்டினாங்களா?" என்று கேட்டாள் பேச்சியம்மாள்.

"இல்லை ஆத்தா. எனக்கு ஆசையா இருக்கு!" என்றது தும்பை. அப்புறம் செங்கானைப் பார்த்துத் தணிந்த குரலில் சொன்னது. "நீங்க பொட்டு வாங்கின அன்னைக்குப் புதருக்குள்ள நான் இருந்தேன் மாஸ்டர். நீங்க விட்ட பந்து என் காலுகிட்டத்தான் வந்து விழுந்துச்சு. எங்க வீட்டுக்கு வந்து நீங்க பேசினதும் கேட்டுச்சு."

செங்கான் குடுக்கையை நீட்டியது. தும்பை ஒரு கணம் பின்வாங்கியது. அப்புறம் உள்ளே எட்டிப் பார்த்தது. தெளிந்த தண்ணீர்! ஒரு மடக்குக் குடித்துவிட்டு ஆடப் போனது.

இருபத்தொரு புள்ளி ஆட்டம். அப்பா, என்ன ஆட்டம்! நாவலூத்துக் குட்டிகள் எல்லாப் பந்துக்கும் ஓடின. விழுந்தன, எழுந்தன, மறுபடி ஓடின. ஊசிக்காளை பின்னால் நின்று விளாசித் தள்ளியது. தங்கப்பாண்டி வாலையும் சேர்த்து நாலு பக்கமும் சுழன்றது. தப்பும் நிறைய நடந்தது. செங்கான் ஓரத்தில் நின்று, "ஜோர்! விடாதே! அடுத்த பந்தைப் பாரு!" என்று தொண்டை கிழியக் கத்தியது.

இருபதுக்கு இருபது. கடைசிப் பந்து.

கரடிக்குட்டி ஓங்கி அடித்த பந்து குளக்கரை ஓரமாகப் போய்க் குத்தி எழும்பியது. யாருக்கும் எட்டாத பந்து. தும்பை ஓடியது! கரையில் கால் வழுக்கியது. சேற்றில் தலைகுப்புற விழுந்துகொண்டே மட்டையை வீசியது. பந்து உயரமாக எழும்பித் திரும்பி வந்தது. கொடிக்கு நேராக வந்தது. கொடியின் மேல் பட்டது. ஒரு கணம் நின்று, இந்தப் பக்கமே விழுந்தது.

போச்சு! ஒரே ஒரு புள்ளியில் தோல்வி.

தும்பை எழுந்து வந்தது. காது முதல் வால்வரை ஒரே சேறு. முயலா எருமைக்கன்றா என்று அடையாளம் தெரியவில்லை. மூன்று குட்டிகளும் செங்கானின் முகத்தையே பார்த்தன. தும்பை கண்களை இறுக்க மூடிக்கொண்டு நின்றது.

செங்கான் குடுக்கையை எடுத்துக்கொண்டு நடந்து வந்தது. தும்பையின் தலையில் மெதுவாகத் தண்ணீரை ஊற்றியது. நெற்றியிலிருந்த சேற்றை வழித்தது. முதுகைத் தன் கையாலேயே கழுவியது. குடுக்கை காலியானதும் போய் மொண்டு வந்து மறுபடி கழுவியது.

"நானும் இதே கொடியிலதான் கடைசிப் பந்தை அடிச்சேன் தும்பை" என்றது. "ஆனா எனக்கு வந்தது கைக்கு நேரா வந்த பந்து. நீ ஓடின பந்துக்கு இந்தக் காட்டுல எவனும் ஓடியிருக்க மாட்டான். நானும் ஓடியிருக்க மாட்டேன். என்ன ஆட்டம்டா ஆடினீங்க!"

தும்பை கண்ணைத் திறந்தது. "கோபமில்லையா மாஸ்டர்?"

"எனக்கு என்னமோ நெஞ்சுல இருந்த பாரமே இறங்கிப்போச்சு!" என்று சொல்லிச் செங்கான் சிரித்தது. நிஜமாகவே அப்படித்தான் இருந்தது. இத்தனை வருஷமாக உள்ளே உருண்டுகொண்டிருந்த பந்து அன்றைக்குத்தான் நின்றது.

தும்பை உடம்பை ஒரு சிலுப்பு சிலுப்பியது. மிச்சச் சேறெல்லாம் செங்கானின் மேல் தெறித்தது. "மாஸ்டருக்குப் பொட்டு!" என்று தங்கப்பாண்டி கத்தியதும் காடே சிரித்தது. மலைக்காட்டுக் குட்டிகளும் சேர்ந்து சிரித்தன.

பேச்சியம்மாள் தும்பிக்கையை உயர்த்தினாள். "நாலு பேரு, தானா வந்து, கடைசிவரைக்கும் ஆடியாச்சு. இடம் பிள்ளைங்களுக்கு! மாசானம், உங்களுக்கு ஓடைக்கு அந்தப் பக்கம் நானே ஒரு பள்ளம் தோண்டித் தாரேன்."

"அது போதும் ஆத்தா" என்றது மாசானம். அவசரக்காரக் கன்று கோட்டுக்குள் வைத்த காலை எடுத்துக்கொண்டது. எடுத்த கையோடு, "நானும் ஆட வரட்டுமா?" என்று செங்கானிடம் கேட்டது!

மறுநாள் காலையில் செங்கான் தரையைப் பெருக்கிக்கொண்டிருந்தது. முதலில் நாலு பேர் வந்தார்கள். பின்னாலேயே மான்குட்டி வந்தது. மரநாய்க்குட்டிகள் கொட்டாவி விட்டுக்கொண்டு வந்தன. நின்றுபோன மற்ற நாலு குட்டிகளும் வந்தன. எல்லாருக்கும் கடைசியில் எருமைக்கன்று வந்தது. பன்னிரண்டு பேர்! குடுக்கைத் தண்ணீர் போதவில்லை. செங்கான் இன்னொரு குடுக்கை தேடி ஓடியது.

தப்பை மட்டுமே எண்ணுகிறவரிடம் பிள்ளைகள் தப்பில்லாமல் நிற்கத்தான் பழகுவார்கள். ஓடின ஓட்டத்தையும் கண்டு மகிழ்கிறவரிடம்தான் ஆசையாக வந்து கடைசிவரை நின்று ஆடுவார்கள்.